டண்டர் மிஃப்லினில் ஆள் எடுக்கிறார்கள்

2007-ல் அமெரிக்காவில் ஒரு காகிதக் கம்பெனி இணையத்தில் ஆள் எடுத்தது. சம்பளம் டாலரில் இல்லை, 'ஷ்ரூட் பக்ஸ்' என்ற பணத்தில். அதை வைத்து வெளியே ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. திரையில் தெரியும் உங்கள் மேசைக்கு ஏதாவது சாமான் வாங்கி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தலைமையகம் அவ்வப்போது ஒரு வேலை கொடுக்கும், முடித்துக் கொடுக்க வேண்டும். உங்கள் கிளை மற்ற ஊர்க் கிளைகளோடு போட்டி போட வேண்டும். இதற்குப் போய் யார் சேர்வார்கள் என்று தோன்றும். சேர்ந்தார்கள், கூட்டம் கூட்டமாக. பகல் முழுக்க ஒரு ஆபீசில் பொழுதைக் கழித்துவிட்டு வந்தவர்கள், ராத்திரி சாப்பிட்டு முடித்து இன்னொரு ஆபீசுக்கு லாகின் செய்தார்கள்.

டண்டர் மிஃப்லின் என்பிசி சேனலின் 'தி ஆபிஸ்' தொடரில் வரும் கற்பனைக் கம்பெனி. பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் என்ற ஊரில் இருக்கும் அதன் கிளையில்தான் கதை நடக்கிறது. நான்காவது சீசனில் ரயன் என்ற இளைஞன், தற்காலிக ஆளாக வந்து தலைமையகம் வரை ஏறிவிட்டவன், 'டண்டர் மிஃப்லின் இன்ஃபினிட்டி' என்று ஒரு இணையதளத்தைத் தொடங்கி கம்பெனியை எங்கேயோ கொண்டுபோகப் போவதாக அளக்கிறான். அதே பெயரில், அதே சமயத்தில், என்பிசி நிஜமாகவே ஒரு தளத்தைத் திறந்துவிட்டது. சேர்ந்தவர்களைத் தொடரின் ரசிகர்கள் என்று அது கருதவில்லை, ஊழியர்களாகவே நடத்தியது. தொடருக்கான விளம்பரம்தான் அது. ஆனால் 'வியாழக்கிழமை இரவு பார்க்கத் தவறாதீர்கள்' என்று கத்தும் விளம்பரத்துக்கும் இதற்கும் நடுவே எழுத்து வேலை தலைகீழாக மாறிவிடுகிறது. அந்த மாற்றம்தான் இந்தக் கட்டுரை.

முப்பது நொடி முன்னோட்டம் ஒன்றை வெட்டுகிறவருக்கு எல்லாம் கைக்குள் இருக்கிறது. எந்த வசனத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும், எந்த முகத்தைக் காட்டி முடிக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார். நகைச்சுவையில் பாதி அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. பார்ப்பவர் தொட்டு, தட்டி, எழுதி, அழைத்து விளையாடும் விளம்பரத்தில் அந்த நேரம் அவர் கைக்குப் போய்விடுகிறது. அவர் மூன்றாவது பக்கத்தை முதலில் திறப்பார். உங்கள் நல்ல வரியைப் படிக்காமல் கீழே இறங்கிப் போவார். பெயர் கேட்கும் கட்டத்தில் புள்ளி வைத்துவிட்டு அடுத்ததுக்குத் தாவுவார். நம்மூர் எசப்பாட்டில் எதிராளி எப்போது என்ன பாடுவார் என்று தெரியாது, ஆனால் பதில் தொண்டையில் தயாராக இருக்க வேண்டும். இங்கே இன்னும் மோசம். பதில்களை எல்லாம் ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு, எழுதியவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

அதனால் சிரிப்பை எங்கே வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. அனுபவசாலிகள் அதைப் பெரிய எழுத்தில் வைப்பதில்லை. படிவத்தின் ஓரத்தில், பிழைச் செய்தியில், விதிமுறைகளின் பதினேழாவது பிரிவில், பதிவுசெய்த குரலில் வைக்கிறார்கள். தேடிப் போய்க் கண்டுபிடித்த சிரிப்பு காட்டிக் கொடுத்த சிரிப்பைவிட இரண்டு மடங்கு. கண்டுபிடித்தவர் அதைத் தன் சொத்து மாதிரி நாலு பேருக்கு அனுப்புவார். சேனலுக்கு வேண்டியதும் அதுதான்.

ஒன்று கட்டிப் பார்ப்போம். இது என் சொந்தச் சரக்கு, எந்தத் தளத்திலும் இருந்ததில்லை. கற்பனைக் காகிதக் கம்பெனியின் வேலை விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: "முன்பு வேலை பார்த்த இடத்தில் உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள்?" வந்தவர் ஒன்றும் எழுதாமல் பொத்தானை அழுத்திவிட்டார். இப்போது பிழைச் செய்தி வேண்டும். முதலில் கைக்கு வருவது இப்படி இருக்கும்: "அட, ஒண்ணுமே சொல்ல மாட்டாங்களா பாஸ்?" இதில் கம்பெனி காணாமல் போய், விளம்பரம் எழுதுகிறவன் வந்து நின்று பல்லைக் காட்டுகிறான். அடித்துவிட்டு மறுபடி: "இந்தக் கட்டத்தை நிரப்பவும். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அதையும் குறிப்பிடவும்." பரவாயில்லை. மூன்றாவது தடவை: "பதில் இல்லை என்பது பதிவு செய்யப்பட்டது. உங்கள் மேலாளருக்கும் தெரிவிக்கப்பட்டது." வந்தவருக்கு இன்னும் வேலையே கிடைக்கவில்லை, மேலாளர் எங்கிருந்து வந்தார்? அந்தக் கேள்வி அவர் மனதில் எழும் நொடியில்தான் சிரிப்பு. அந்த நொடியை அவரே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். எழுத்து மட்டும் கடைசி வரை முகத்தை இறுக்கமாக வைத்திருக்க வேண்டும். தான் வேடிக்கையாக இருப்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியவே கூடாது.

இதில் இன்னொரு தொல்லை, வந்தவர் போகக்கூடிய எல்லா வழிகளையும் எழுதியாக வேண்டும். பல வருஷம் முன்பு ஒரு தொடருக்காக 'உங்களுக்குள் இருக்கும் மாமியார் யார்?' என்று ஒரு வினாடி வினா எழுதினேன். மொத்தம் எட்டு முடிவுகள். ஆறை ரசித்து ரசித்து எழுதினேன். கடைசி இரண்டை ராத்திரி இரண்டு மணிக்கு, 'நீங்கள் அன்பான மாமியார், அனைவரையும் அரவணைப்பவர்' என்கிற ரகத்தில் தள்ளிவிட்டேன். மறுநாள் ஒப்புதல் தர உட்கார்ந்த பெரியவர் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே போய், நேராக அந்த இரண்டில் ஒன்றில் விழுந்தார். "இதுல காமெடி எங்கேப்பா?" என்றார். மற்ற ஆறு இருக்கிறது சார் என்று சொல்லி என்ன பயன்? அவருக்கு வந்தது அதுதான். திரையில் ஒரு காட்சி சுமாராக இருந்தால் அடுத்த காட்சி காப்பாற்றிவிடும். இங்கே ஒருவருக்கு ஒரு முடிவுதான் வரும்.

எழுதிவைக்காத கேள்வி வந்தால் என்ன செய்வது என்பதற்கு எல்லோரும் காட்டும் பழைய பாடம், தொலைக்காட்சித் தொடருக்குச் செய்ததே இல்லை. 2004-ல் பர்கர் கிங் கடைக்காக ஒரு விளம்பர நிறுவனம் செய்த 'அடங்கிய கோழி'. கோழி வேஷம் போட்ட ஒரு ஆள், மங்கலான கேமரா முன் ஒரு வீட்டுக் கூடத்தில் நிற்பார். கீழே நீங்கள் எதை எழுதினாலும் அதைச் செய்வார். குதி என்றால் குதிப்பார், தூங்கு என்றால் படுப்பார். நேரலை போலவே இருக்கும், ஆனால் முன்கூட்டியே எடுத்து வைத்த நூற்றுக்கணக்கான துணுக்குகள்தான் அவை. ஒரு பெட்டியில் எதை வேண்டுமானாலும் எழுது என்று சொன்னால் ஜனங்கள் முதலில் எதை எழுதுவார்கள் என்பது நமக்கே தெரியும். அதற்கும் ஒரு துணுக்கு இருந்தது. கோழி மெதுவாகக் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து, விரலை ஆட்டி, கூடாது என்று கண்டிக்கும். அந்த விரலுக்காகவே மறுபடியும் அசிங்கமாக எழுதியவர்கள் எத்தனை பேரோ! கெட்டதை வடிகட்டும் வேலையையே வேடிக்கையாக்கிவிட்டார்கள். இந்தத் துறையில் நான் பார்த்த மிகக் கெட்டிக்காரத்தனமான எழுத்து அந்த விரல்தான், அதில் ஒரு வார்த்தை கூட இல்லை என்றாலும்.

'தி ஆபிஸ்' கதைக்குத் திரும்புவோம். அதன் மாந்தர்களில் இரண்டு பேர் என்பிசி தளத்தில் எழுதினார்கள். டுவைட் ஷ்ரூட் பெயரில் வந்த பதிவுகளை அந்த வேஷம் கட்டிய ரெயின் வில்சனே எழுதினார். பீட்ரூட் பண்ணை, அதிகாரப் பசி, தான் சொல்வதே சட்டம் என்ற தொனி எல்லாம் அப்படியே இருக்கும். திரையில் மற்றவர்கள் அவனை நடுவில் நிறுத்திவிடுவார்கள், இங்கே நிறுத்த ஆளில்லை. ஒரு மாந்தரைத் தனியாக எழுதவிட்டால் அவர் எவ்வளவு தூரம் போவார் என்று பார்க்கும் வாய்ப்பு அது.

க்ரீட் விஷயம் இன்னும் ருசி. ஆபீசின் மூலையில் என்ன வேலை செய்கிறார் என்று யாருக்கும் தெரியாத கிழவர் அவர். 2007 மே மாதம் வந்த மூன்றாவது சீசனின் கடைசிப் பாகத்தில் ரயன் ஒரு உண்மையைச் சொல்கிறான். க்ரீட் தனக்கு ஒரு வலைப்பதிவு வேண்டும் என்று கேட்டாராம். அவர் மூளையில் இருப்பது உலகத்துக்கு வந்துவிடக் கூடாதே என்று, அவர் கணினியில் ஒரு வேர்டு ஃபைலைத் திறந்து, மேலே ஒரு இணைய முகவரி மாதிரி எழுதி வைத்துவிட்டானாம். கிழவர் அதில்தான் நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறார், உலகம் படிப்பதாக நினைத்துக்கொண்டு. அந்த முகவரியைக் கொஞ்சம் கவனித்தால் இன்னொரு சிரிப்பு கிடைக்கும். அரசாங்கத் தளங்களுக்கான 'டாட் கவ்' நடுவில் வருகிறது, அதற்குப் பின்னால் மறுபடியும் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ', அப்புறம் ஒரு தலைகீழ்க் கோடு. உலகத்தில் எந்தக் கணினியிலும் அது திறக்காது, யாரும் அதைக் காசு கொடுத்துப் பதிவு செய்யவும் முடியாது. ஆனால் க்ரீடின் பதிவுகள் என்பிசி தளத்தில் வெளிவந்தன. கதைப்படி யாருமே படிக்காத ஒன்றை நாம் மட்டும் படித்துக்கொண்டிருந்தோம். தொடருக்கு வெளியே இருக்கும் விளம்பரம் தொடருக்குள் இருக்கும் சிரிப்பின் அடுத்த வரியாக இருந்தால்தான் இப்படிப் பொருந்தும். மார்க்கெட்டிங் ஆட்கள் ஒரு அறையிலும் தொடர் எழுத்தாளர்கள் வேறு ஊரிலும் உட்கார்ந்திருந்தால் இது நடக்காது.

முகவரி என்றதும் ஒன்று. அமெரிக்கப் படங்களில் தொலைபேசி எண் சொன்னால் பெரும்பாலும் 555 வரும், யார் வீட்டு மணியும் அடிக்கக் கூடாது என்பதற்காக. பார்ப்பவரை விளையாடக் கூப்பிட்டுவிட்டால் அந்த வசதி போய்விடுகிறது. எண்ணை நிஜமாக வாங்கியாக வேண்டும். 2010 பிப்ரவரி 7-ம் தேதி, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் ஒளிபரப்பில், ரசிகர் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் தன் எண்ணை எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தது தெரிந்தது. 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடரில் வரும் பார்னி ஸ்டின்சன் என்ற பாத்திரம். அழைத்தவர்களுக்கு அவர் குரல் கேட்டது. ஆட்டமும் தொடரும் ஒரே சிபிஎஸ் சேனலில். மறுநாள் வந்த பாகத்தின் கதை, அந்த அட்டையால் அவர் போன் ஓயாமல் அடிக்கிறது என்பதுதான். முந்தின நாள் அழைத்தவர்கள் எல்லோரும் மறுநாள் கதைக்குள் இருந்தார்கள், தாங்களே அறியாமல் துணை நடிகர்களாக.

மிகக் குறைந்த வார்த்தைகளில் முடிந்த வேலை 'நாட் ஹாட்டாக்'. எச்பிஓவின் 'சிலிக்கான் வேலி' தொடரில் ஜியான் யாங் என்ற இளைஞன், உணவைப் படம் பிடித்தால் அது என்ன என்று சொல்லும் செயலி ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கிறது. செயல்விளக்க நாள். பன்னுக்குள் சாசேஜ் வைத்த ஹாட்டாக்கைக் காட்டினால் 'ஹாட்டாக்' என்கிறது, அறையே ஆர்ப்பரிக்கிறது. பீட்சாவைக் காட்டினால் 'ஹாட்டாக் இல்லை'. வேறு எதைக் காட்டினாலும் அதே பதில்தான். 2017 மே மாதம் அந்தப் பாகம் வந்த கையோடு, அந்தச் செயலி நிஜமாகவே ஐபோனில் இறக்கிக்கொள்ளக் கிடைத்தது.

இதில் எழுத்து என்று பார்த்தால் இரண்டே பதில்கள். ஆனால் அதன் அடியில் இருந்த உழைப்பில் விளையாட்டு இல்லை. தொடருக்காக அதைச் செய்த டிம் ஆங்லேட், சுமார் 1,50,000 படங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி கொடுத்தார். ஹாட்டாக் படங்கள் அதில் 3,000 மட்டும்தான், மீதி எல்லாம் ஹாட்டாக் இல்லாதவை. நெட் இல்லாமலும் வேலை செய்யும்படி முழுவதையும் போனுக்குள்ளேயே அடக்கினார். கதையில் அது ஒரு உதவாக்கரைச் செயலி என்பதால் நிஜத்திலும் அரைகுறையாகச் செய்து தள்ளியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் சிரிப்பு செத்திருக்கும். ஹாட்டாக்கைப் பார்த்து 'ஹாட்டாக் இல்லை' என்று அடிக்கடி சொன்னால் அது சாதாரணக் கோளாறு. ஒன்றே ஒன்றை மட்டும் சரியாகத் தெரிந்துகொண்டு, மீதி உலகம் முழுவதையும் ஒரே வார்த்தையில் தள்ளுவதுதான் வேடிக்கை. இறக்கியவர்கள் முதலில் ஹாட்டாக்கைத் தேடிப் போகவில்லை, பக்கத்தில் இருந்த நண்பனின் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். வசனத்தை எச்பிஓ எழுதியது, காட்சியை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

எல்லாமே இப்படி இனிப்பாக முடிவதில்லை. 2007 ஜூலையில் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் திரைப்படம் வந்தபோது, வட அமெரிக்காவில் 'செவன் இலெவன்' என்ற சில்லறைக் கடைகளில் 12-ஐத் தொடரில் வரும் 'க்விக் இ மார்ட்' கடை போலவே மாற்றினார்கள். அமெரிக்காவில் 11, கனடாவில் 1. தொடரில் வரும் பஸ் கோலாவும் க்ரஸ்டி ஓஸும் அலமாரியில் இருந்தன. தொடரின் நாயகன் ஹோமர் குடிக்கும் டஃப் பீர் மட்டும் இல்லை, குழந்தைகளும் பார்க்கும் படம் என்பதால். நுணுக்கமான வேலைதான். ஆனால் கதையில் அந்தக் கடையை நடத்துகிறவர் அப்பு, இந்திய உச்சரிப்பைக் கேலி செய்தே பிழைக்கும் பாத்திரம். நிஜக் கடைகளை நடத்துகிறவர்களில் தெற்காசியர்கள் ஏராளம். கார்ட்டூனைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று, நிஜக் கல்லாவில் நிற்கும் நிஜ மனிதரை அந்தக் கார்ட்டூனாக நிறுத்துவது வேறு. அப்புவைப் பற்றிய அந்த எரிச்சலை 2017-ல் ஹரி கொண்டபோலு ஒரு ஆவணப்படமாகவே எடுத்தார். 2020-ல் அப்புவுக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா அதிலிருந்து விலகிக்கொண்டார். விளையாட்டுக்குள் நிஜ ஆட்களை இழுக்கும்போது, சிரிப்பு அவர்களோடு சேர்ந்தா அவர்கள் மேலா என்பதை எழுதுகிறவர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. திரையில் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடலாம், கடையில் முடியாது.

இனி காசு விஷயம். இதை எழுதியவர்களுக்கு என்ன கிடைத்தது?

2006 கோடையில் 'தி ஆபிஸ்' ஆட்கள் இணையத்துக்காக மட்டும் பத்துக் குட்டிப் பாகங்கள் எடுத்தார்கள். 'தி அக்கவுண்டன்ட்ஸ்' என்று பெயர். கணக்கில் 3,000 டாலர் காணாமல் போகிறது, ஆபீசின் மூன்று கணக்கர்களும் எடுத்தது யார் என்று விசாரிக்கிறார்கள். தொடரின் எழுத்தாளர்களே எழுதினார்கள், நடிகர்களே நடித்தார்கள். அதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான டேடைம் எம்மியும் கிடைத்தது. ஆனால் எழுத்தாளர்களுக்குத் தனிச் சம்பளம் இல்லை. காரணம், அது 'விளம்பரம்'. தொடருக்கு ஆள் பிடிக்கச் செய்தது, தனிப் படைப்பு இல்லை என்று தயாரிப்புத் தரப்பு சொன்னது. அதற்கு முன்னும் பின்னும் ஓடிய நிஜ விளம்பரங்களின் பணம் யாருக்குப் போனது என்று எழுத்தாளர்கள் கேட்டார்கள். விளம்பரத்துக்கு நடுவே விளம்பரம் ஓடுமா?

2007 நவம்பர் 5-ம் தேதி அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. 100 நாள் ஓடி, 2008 பிப்ரவரி 12-ல் முடிந்தது. இணையத்தில் ஓடுவதற்கும் இணையத்துக்காக எழுதுவதற்கும் காசு வேண்டும் என்பதுதான் மையக் கோரிக்கை. 'தி ஆபிஸ்' முதலிலேயே நின்றுபோன தொடர்களில் ஒன்று. கதாநாயகன் ஸ்டீவ் கேரல் படப்பிடிப்புக்குப் போகவில்லை. அதன் எழுத்தாளர்களில் பலர் நடிகர்களும் கூட. பி. ஜே. நோவாக், மிண்டி கேலிங், பால் லீபர்ஸ்டைன் எல்லோரும் பதாகையோடு தெருவில் நின்றார்கள். எம்மி வாங்கியும் காசு வாங்காத கதையைக் கேமராவைப் பார்த்துச் சொன்ன ஒரு வீடியோ அப்போது பரவலாகச் சுற்றியது, அதுவும் அவர்கள் தொடரைப் போலவே முகம் சிரிக்காமல்.

இதில் நோவாக் யார் என்று பாருங்கள். ரயனாக நடித்தவர். திரையில் 'டண்டர் மிஃப்லின் இன்ஃபினிட்டி'யைத் தொடங்கி, இணையம்தான் எதிர்காலம் என்று அளந்தவர். அந்தப் பாகம் ஒளிபரப்பானது அக்டோபர் 4. ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து, இணையத்தில் எழுதுவதற்குச் சம்பளம் கேட்டு அவரே தெருவில் நின்றார். அந்த மாதத்திலும் பெயர் தெரியாத ரசிகர்கள் ஷ்ரூட் பக்ஸுக்காக மேசை மேசையாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை.

வேலைநிறுத்தம் முடிந்து வந்த ஒப்பந்தத்தில் இணையத்துக்கான எழுத்தும் சங்கத்தின் வரம்புக்குள் வந்தது. எது விளம்பரம், எது படைப்பு என்ற இழுபறி அதோடு தீர்ந்துவிடவில்லை. தீரவும் முடியாது என்றே நினைக்கிறேன். நன்றாக எழுதிய ஒரு க்ரீட் பதிவு விளம்பரமாகவும் இருக்கிறது, படைப்பாகவும் இருக்கிறது, அதனால்தான் அதைப் படித்தோம்.

டண்டர் மிஃப்லின் இன்ஃபினிட்டி பிறகு மூடப்பட்டது. ஆனால் கம்பெனி சாகவில்லை. 2011 கடைசியில், ஆபீஸ் சாமான்கள் விற்கும் குவில் என்ற நிறுவனம் உரிமம் வாங்கி, டண்டர் மிஃப்லின் பெயரில் நிஜக் காகிதத்தை விற்கத் தொடங்கியது. கற்பனைக் கம்பெனியின் பெயரைச் சுமந்து நிஜ ஆபீஸ்களின் ஜெராக்ஸ் மெஷினுக்குள் போகும் காகிதம். பெட்டியின் மேல் ஒரு முழக்கம் அச்சிட்டிருந்தார்கள்: 'எங்கள் கொள்கை, குவாபிட்டி ஃபர்ஸ்ட்'. குவாலிட்டி என்பதுதான் அப்படி ஆகியிருக்கிறது. தரக் கட்டுப்பாடு தன் வேலை என்று சொல்லிக்கொண்ட க்ரீட், ஒரு பாகத்தில் அந்த வார்த்தையைக் கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல் உளறியது அது. பெட்டி அதை விளக்கவில்லை. அச்சுப் பிழை என்று நினைத்து யாராவது பெட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தால் அதை எழுதியவர் சந்தோஷப்பட்டிருப்பார்.